லாரிச் சரக்கு

ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது.

பாதி, கோல்ஃப் மட்டையின் கழுத்தில் ஒட்டியிருந்தது. மீதி கீத்தின் கட்டைவிரல் நகத்தில். மட்டையின் சாய்வுக் கோணத்தைப் பேனாவால் 8.4 என்று எழுதியிருந்ததில் எட்டு அங்கேயும் நான்கு இங்கேயுமாகப் பிரிந்துபோயின.

"என்ன பண்றே?" என்றாள் ஷோனா, அடுப்பருகிலிருந்து.

"சோதிச்சுப் பார்க்கிறேன்."

"கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தான் பண்றே."

கீத் ரெனி எடை அளவு ஆய்வாளர். ஃபைஃப் கடற்கரை ஊர்களில் அவன் முத்திரை இல்லாமல் ஒரு மீன்கடைத் தராசும் ஓடாது. ஐந்து கிராம் குறைந்தாலும் பிடித்துவிடுவான். ஆனால் மேசைமேல் கிடக்கும் கோல்ஃப் மட்டை அசலா போலியா என்பது இரண்டு நாளாகியும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அது டிரைவர். ஆட்டத்தின் முதல் அடிக்கான, பெரிய தலையுள்ள மட்டை. கடையில் தொங்கும் டிரைவர் வேறு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காகத் தனியே செய்து, போட்டி நடக்கும் இடத்தில் நிற்கும் பட்டறை லாரியில் ஆளுக்கேற்றபடி திருத்திக் கொடுப்பது வேறு. ஊரில் அதை லாரிச் சரக்கு என்பார்கள். கீத் வாங்கியது இணையத்தில். விற்றவர் தன்னை ஓர் ஆட்டக்காரரின் நண்பர் என்று எழுதியிருந்தார். இணையத்தில் லாரிச் சரக்கு விற்கும் எல்லாருமே யாரோ ஓர் ஆட்டக்காரரின் நண்பர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு எழுபது வயது.

வாலஸ் கோர்லி பதினெட்டு வருஷம் அந்த லாரியோடு ஊர் ஊராகப் போனவர். கிளப்பில் யார் புது மட்டை வாங்கினாலும் அவர் முன்னால் நீட்டுவார்கள். அவர் தொடமாட்டார். தள்ளி நின்று பார்ப்பார். "ம்" என்றால் அசல். "ம்ஹூம்" என்றால் போலி. ம்ஹூம் வாங்கிய வங்கி மேலாளர் ஒருவர் கோல்ஃபையே விட்டுவிட்டுத் தூண்டில் போடப் போய்விட்டார்.

கீத்தை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க இன்ஸ்பெக்டர்" என்பார். உடனே செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார். ஒன்பது வருஷமாகக் கீத் அந்தச் செய்தித்தாளின் பின்பக்கத்தைத்தான் படித்துவருகிறான். இந்த மட்டை அதைக் கீழே இறக்குவதற்காக வாங்கியது. போலியை நீட்டினால் ஆயுளுக்கும் இறங்காது.

வெள்ளிக்கிழமை ஆலிக்கிடம் போனான். ஆலிக் கிளப் வாசலில் மட்டை பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான்.

"ஸ்டிக்கர் எங்கடா?"

"பேனா மையா, அச்சு மையான்னு பார்த்தேன். எச்சில் தொட்டு."

"என்ன மை?"

"ரெண்டும் எச்சில்ல கரையும்."

ஆலிக் மட்டையைத் திருப்பினான். "வரிசை எண்ணுக்கு முன்னாடி டின்னு ஒரு எழுத்து இருக்கு. லாரிக்குப் போறதுக்கு அப்படித்தான் போடுவாங்க."

"போலி பண்றவனுக்கும் டி எழுத வருமே."

"சுரண்டிப் பாரு. அசல்னா எழுத்து உலோகத்துக்குள்ள இறங்கியிருக்கும்."

கீத் அரத்தால் சுரண்டினான். முறையாக, ஒரே அழுத்தத்தில்.

"இறங்கியிருந்ததா?"

"இருந்த மாதிரி இருந்தது. இப்ப எழுத்தே இல்ல."

ஆலிக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "சரி, கடைசி வழி. சத்தம் அடங்கறதுக்காக லாரியில தலைக்குள்ள பசை ஊத்துவாங்க. தண்டைக் கழட்டினா தெரிஞ்சிடும்."

சூடான காற்றை ஊதும் கருவியைக் கழுத்தில் பிடித்தான். தண்டு கழன்றது. தலையின் கறுப்பு வண்ணம் பாலாடைபோல் சுருங்கி எழும்பியது. இருவரும் துளைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"பசை இருக்குடா."

"அப்போ அசலா?"

"தண்டை ஒட்டின பசையே சூட்டுல உருகி உள்ள போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்."

வண்ணம் திரும்பப் பூசவேண்டியிருந்தது. கடையில் இருந்தது கணப்பு அடுப்புக்குப் பூசும் கறுப்பு. அதைப் பூசினார்கள். தண்டைத் திரும்ப ஒட்டினார்கள். சனிக்கிழமை காய்ந்த பிறகு பார்த்தால் மட்டையின் முகம், யாரோ கூப்பிட்டதுபோல் வலப்பக்கம் திரும்பியிருந்தது.

ஜாம் பாட்டிலுக்கு ஷோனா வைத்திருந்த சீட்டு ஒன்றை வெட்டி, கீத் 8.4 என்று எழுதி ஒட்டினான். சீட்டு வழுக்கியதில் எட்டு ஆறுபோல் வந்தது.

பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை வரை அது அசலாக இருந்திருக்கலாம். இனி அசலாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவன் அலுவலகத்தில் ஒரு பெட்டிக்குள் மூல எடைக்கல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் எடுத்து வைத்துப் பார்க்கலாம். மட்டைக்கு அப்படி ஒன்று கிடையாது. வாலஸ்தான் இருந்தார்.

"வேற ஏதாவது வாங்கிக் கொடுத்துடேன்," என்றாள் ஷோனா. "கம்பளிச் சட்டை மாதிரி."

"கம்பளிச் சட்டைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரா?"

ஷோனா பொட்டலம் கட்டக் காகிதம் எடுத்துவந்தாள்.

ஞாயிறு மதியம், கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் முடிந்தபின், கீத் பொட்டலத்தை நீட்டினான். வாலஸ் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, மட்டையைக் கையில் எடுத்தார்.

"இந்த நம்பரை எழுதினது யாரு?"

பொய் சொல்லிக் கீத்துக்குப் பழக்கமில்லை. "அது வந்து..." என்று ஆரம்பித்தான். மேசைக்கடியில் ஷோனா மிதித்தாள்.

"கோழி கிறுக்கின மாதிரி இருக்கு," என்றார் வாலஸ். "மழையில, லாரிக்குள்ள, முழங்கால்மேல வச்சு எழுதினா இப்படித்தான் வரும். போலி பண்றவன் அழகா எழுதுவான்."

தலையைத் திருப்பினார். "எண்ணைச் சுரண்டியிருக்கான். வெளியில போனா யாரோடதுன்னு தெரியக் கூடாதுல்ல. பெயிண்டும் அவசரத்துல அடிச்சது. காலைல ஏழு மணிக்கு ஆட்டம்னா எவன் பார்த்துப் பார்த்து அடிப்பான்?"

"முகம் கொஞ்சம்..." என்றான் கீத்.

"திரும்பியிருக்கு. பந்து இடப்பக்கம் ஓடிடுமோன்னு பயப்படுறவனுக்கு இப்படித் திருப்பித் தருவாங்க. இதெல்லாம் கடையில உனக்குக் கிடைக்காது."

மட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ம்," என்றார். சற்றுப் பொறுத்து, கீத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல சரக்கு, கீத்."

கீத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். மனசில் இருப்பது சந்தோஷமா குற்றவுணர்ச்சியா என்று சோதிக்க அவனிடம் கருவி இல்லை. மாமியார் எஃபி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "அந்த நம்பர் நான் எழுதினது. எண்ணைச் சுரண்டினது நான். பெயிண்ட், அடுப்புக்கு அடிக்கிறது. அவர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். ஆனா பதினெட்டு வருஷம் அந்த லாரியில இருந்தவருக்கு இது எப்படித் தெரியாமப் போச்சு?"

எஃபி கையைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"லாரியில என்ன வேலைன்னு கிளப்புல கேட்டப்போ அவர் டிரைவர்னு உண்மையைத்தான்பா சொன்னார், இந்த ஊர்ல எல்லாரும் மட்டையைச் சொல்றார்னு நினைச்சுக்கிட்டாங்க; நீ ஒருத்தன் விசாரிச்சுடுவியோன்னுதான் ஒன்பது வருஷமா பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கார்."