சிங்கத்துக்கு வைத்த நேர்த்தி

உப்புக் காற்று அடிக்கும் இடத்துக்குச் சிங்கம் வராது என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து, நானாகவே யோசித்துக் கண்டுபிடித்த உண்மை அது. (அந்தக் கூண்டுக்குள் இருந்து நான் கண்டுபிடித்த மற்ற உண்மைகளைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே குடும்பத்துக்கு நல்லது.)

தொண்ணூறுகளின் தொடக்கம். காலையில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவேன். பின்னேரம் பெற்றோல் ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே நித்திரை கொள்வேன். ஒருநாள் கல்லாவுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவியிடம், "இறங்க வேண்டிய இடம் வந்திட்டுதோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் டொக்டர் என்னைப் பார்த்து, லீவு எடுத்து எங்கேயாவது போ என்றார்.

எங்கே போவது? ஊருக்குப் போக ஏலாது, அங்கே சண்டை. என் மனைவி சாந்தி பருத்தித்துறைக்காரி. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான்.

"கால் வைச்சால் சுடுற மண்ணும், குளிராத கடலும் வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

ட்ராவல் ஏஜென்சிக்காரர் ஒரு படப் புத்தகத்தை நீட்டினார். கிழக்கு ஆபிரிக்காவில், இந்து சமுத்திரக் கரையிலேயே ஒரு வனவிலங்குப் பூங்கா. மணலை ஒட்டி ஓலைக் கூரை போட்ட குடில்கள். ஒரு படத்தில் கடல், அதே படத்தின் மூலையில் யானை. சாந்தி கடலைப் பார்த்தாள். நான் யானையைப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, சிங்கம் கிங்கம் இருக்குமோ?"

"இருக்கும். ஆனால் அது உள்ளுக்கு, காட்டிலை. கடற்கரைக்கு வராது. உப்புக் காத்து அதுக்கு ஒத்துக்கொள்ளாது."

அவள் என்னை நம்பினாள். அதுதான் இந்தக் கதையின் துக்கமான பகுதி.

சாந்தியின் தமையன் சிவா லண்டனிலேயே, வடக்கே எட்மண்டனில் இருந்தான். கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவன். பயணம் என்றதும் தன் கமெராவை என் தோளில் மாட்டிவிட்டான். ஒரு நடுத்தர அளவு ஆட்டுக்குட்டியின் பாரம்.

"மச்சான், எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வா. வந்த உடனை அம்மா வீட்டிலை எல்லாரும் இருந்து பாப்பம். சிவப்பு லைற் எரிஞ்சால் ஓடுது எண்டு அர்த்தம். விளங்கிச்சுதோ?"

விளங்கிச்சுது என்றேன். (விளங்கவில்லை.)

போய்ச் சேர்ந்த அன்றே வழிகாட்டி ஜோசப் எல்லோரையும் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். இங்கே வேலி கிடையாது. மிருகங்கள் தங்கள் பாட்டில் வரும், போகும். எதைக் கண்டாலும் ஓட வேண்டாம். அசையாமல் நின்றால் போதும். சாந்திக்கு அவருடைய ஆங்கிலம் பிடிபடவில்லை. ஆகவே கணவன் என்ற முறையில் நான் மிகப் பொறுப்போடு மொழிபெயர்த்தேன்.

"கவனமாய்க் கேளும் சாந்தி. மிருகம் வந்தால் ஓடப்படாது. ஓடினால் பின்னாலை கலைச்சுக்கொண்டு வரும். கல்லு மாதிரி நிக்கவேணும். எனக்கெண்டால் பயமில்லை, நீர்தான் பதறுவீர்."

முதல் இரண்டு நாள் சொர்க்கம். சாந்தி பகல் முழுவதும் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் பகல் முழுவதும் நித்திரை கொண்டேன். மூன்றாம் நாள் பின்னேரம், சிவாவின் கமெரா ஞாபகம் வந்து, குடிலுக்கு முன்னால் அவளை நிற்க வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினேன். "கொஞ்சம் சிரியும். கடலைப் பாரும். ஆ, அப்பிடியே."

அப்போது பக்கத்துப் பற்றைக்குள் ஏதோ உறுமியது.

உயரமான காய்ந்த புல் ஆடியது. அதற்குள் மண்நிறத்தில் ஒரு முதுகு நகர்வது தெரிந்தது. அடுத்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது, நான் குடிலுக்குள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றதும், தாழ்ப்பாள் போட்டிருந்ததும்தான். இடையில் படிகள் நான்கு. அவற்றில் எதிலும் நான் கால் வைத்ததாக ஞாபகம் இல்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதை அப்போது யாரிடமும் நான் சொல்லவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு, "இஞ்சருங்கோ, அது போயிட்டுது, கதவைத் திறவுங்கோ" என்று சாந்தியின் குரல் கேட்டது. திறந்தேன். அவள் முழுசாக நின்றாள். நான் கையில் கிடைத்த குடையோடு நின்றேன்.

"தடி எடுக்க வந்தனான்," என்றேன்.

அவள் குடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கால் கழுவினாள். அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்து எனக்கு ஒரு நிம்மதி.

லண்டன் திரும்பிய பிறகு அந்தச் சிங்கம் வளரத் தொடங்கியது. முதலில் பெற்றோல் ஸ்டேஷனில் சொன்னேன். அப்போது அது ஒரு சாதாரணச் சிங்கம். களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிடரி மயிர் வந்துவிட்டது. ஃபாரஸ்ட் கேட் மரக்கறிக் கடையில், நான் மனைவியைப் பின்னால் தள்ளிவிட்டு, குடையோடு அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் சாந்தி பக்கத்தில் நின்று வெண்டிக்காய் பொறுக்குவாள். ஒரு சொல் பேசமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எட்மண்டனில் என் மாமி, சாந்தியின் அம்மாவின் வீடு. நண்டுக் கறியும் சோறும் முடிந்து எல்லோரும் டீவிக்கு முன்னால் இருந்தோம். மாமி கதிரையில். சிவா கசெற்றைப் போட்டான். கடல் வந்தது. யானையின் பின்பக்கம் வந்தது. சாந்தி கடலைப் பார்த்துச் சிரித்தாள். உறுமல் கேட்டது.

"இதுதான்! இதுதான் சிங்கம்!" என்று நான் எழும்பினேன்.

படம் தலைகீழாகச் சுழன்றது. ஒரு கதவு படார் என்று சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஓலைக் கூரையும் கட்டிலுக்கு மேலே கட்டிய நுளம்பு வலையும் மட்டும் அசையாமல் தெரிந்தன. கமெராவைக் கட்டிலில் எறிந்திருக்கிறேன். சிவப்பு லைற் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

கூரைக்குக் கீழே இருந்து என் குரல் வந்தது.

"கந்தா! நல்லூர்க் கந்தா! என்னைக் காப்பாத்து! வருஷா வருஷம் காவடி எடுக்கிறன். லண்டன் ரோட்டிலை, தோள் இருக்கும் வரைக்கும் எடுக்கிறன். சாந்தி வெளியிலை நிக்கிறா. அவ நல்லவ, விரதமெல்லாம் ஒழுங்காய்ப் பிடிச்சவ. உன்னட்டை வந்தாலும் அவவுக்கு ஒரு குறையும் வராது. எனக்குத் திங்கட்கிழமை ஷிப்ட் இருக்கு, கந்தா!"

அதே வேண்டுதல் திரும்பத் திரும்பப் பல நிமிடம் ஓடியது. டீவியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக்.

"டோர் இஸ் குளோஸ்ட்!" என்று என் குரல் அலறியது. "பிளீஸ் கம் டு த விண்டோ!"

(பெற்றோல் ஸ்டேஷனில் இருட்டியதும் கதவைப் பூட்டிவிடுவோம். வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லுவோம். வாய் தன் பாட்டில் வேலை செய்திருக்கிறது. சிங்கத்தை ஜன்னலுக்கு வரச் சொன்ன ஒரே மனிதன் நான்தான்.)

சிவா கதிரையில் இருந்து வழுகி நிலத்தில் கிடந்து சிரித்தான். மாமி சிரிக்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினா.

"பிள்ளை, நீ சிங்கத்துக்கு முன்னாலை தனியவே நிண்டனீ?"

"சிங்கமில்லை அம்மா," என்றாள் சாந்தி. "காட்டுப் பண்டி. மூஞ்சையிலை பரு மாதிரிக் கட்டி இருக்குமே, அது. முன்னங்கால் ரெண்டையும் மடிச்சு, முழங்காலிலை நிண்டு புல்லுத் திண்டது. அசையக்கூடாது எண்டு இவர்தானே சொன்னவர், அதாலை அசையாமல் நிண்டனான். பண்டி போன உடனை கதவைத் தட்டினன். என்னை ஜன்னலுக்கு வரச் சொன்னார்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று நான் கேட்டேன்.

"களைச்சுப்போய் வந்த மனிசன். சிங்கம் எண்டு சொல்லேக்கை முகத்திலை ஒரு சந்தோசம் இருந்தது. இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டனான்."

இதைவிட அவள் என்னை இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

சிவா நிலத்தில் கிடந்தபடியே ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினான். "மச்சான், சிங்கத்துக்கெண்டு வைச்ச நேர்த்திக்கடன் பண்டிக்குச் செல்லுமோ?"

நான் அதைப் பாய்ந்து பிடித்தேன். "செல்லாது! எப்பிடிச் செல்லும்? மிருகமே மாறிப்போச்சு!"

மாமி கையை உயர்த்தினா. "தம்பி, நேர்த்தி மிருகத்துக்கு வைக்கிறேல்லை. பயத்துக்கு வைக்கிறது. நீங்கள் பயந்தது உண்மைதானே?"

கசெற் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் நல்லூர்க் கந்தனுக்குத் தேங்காயின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போனது. உண்மை இல்லை என்று எப்படிச் சொல்ல?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "கோவமோ?"

"கோவமில்லை," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "அடுத்த முறை நான் உள்ளுக்கை நிக்கிறன். நீங்கள் வெளியிலை நில்லுங்கோ." அன்று தொடங்கி, எந்த ஊரில் எந்த விடுதிக்குப் போனாலும் அறைச் சாவி அவளுடைய கைப்பையில்தான்.

காவடி? எடுக்கிறேன். ஒவ்வொரு கோடையும் லண்டன் கோயில் தேரன்று, தூறல் மழையில், பஸ் ஸ்டொப்பையும் கோழிப் பொரியல் கடையையும் தாண்டி. தோள் இப்போது முன்னைப்போல் இல்லை. பக்தியென்று நினைத்து, தெரியாத சனம் என்னைக் கும்பிடுகிறது. சிவா கமெராவோடு பின்னாலேயே வந்து, "மச்சான், பண்டி வருது, ஓடு!" என்று காதுக்குள் சொல்லுவான். அந்தக் கசெற்றை இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறான். வீட்டில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் அவனுக்கு முதலில் அதைப் போட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அதில் படத்தின் மூலையில் நேரமும் விழுந்திருக்கிறது. தாழ்ப்பாள் விழுந்ததில் இருந்து கதவு தட்டும் வரைக்கும் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் பன்றி புல் தின்றது, என் மனைவி வெளியில் நின்றாள், கதவை நான் உள்ளிருந்து பூட்டியிருந்தேன்.