வாசுகிக்கு வைத்த தண்ணீர்ப் பரீட்சை

யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவரிடம், அவருடைய பிள்ளையைப் பரிசோதிக்கப் போவதாக ஒரு கிழமை முன்பே சொல்லக் கூடாது. குழந்தை உளவியலில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே விதி இது.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் படித்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையின் கண்ணெதிரே குட்டைக் குவளைத் தண்ணீரை ஒடுங்கிய நெட்டைக் குவளையில் ஊற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்றே பிள்ளை சொல்லும்; அந்த வயதில் மூளை அப்படித்தான் என்றது பாடம். அதை விரிவுரையாளர் அம்மையாரின் முன்னால் நான் செய்து காட்ட வேண்டும். பிள்ளை பிழையாகச் சொன்னால்தான் நான் பாஸ். (இல்லையென்றால் புலமைப்பரிசில் போகும், பின்னாலேயே நானும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.)

சிட்னியின் பென்டில் ஹில் பகுதியில் இருந்த எங்கள் ஊர்க்காரரான எஞ்சினியர் அண்ணர், தன் மகள் வாசுகியைப் பரிசோதனைக்குத் தர ஒப்புக்கொண்டார். அவளுக்கு நாலு வயது.

"கேள்வி என்ன மாதிரி வரும், தம்பி?" என்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார். நண்டுக்கறி அருமையாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை, பரிசோதனை அன்று, அம்மையாரோடு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசுகி பட்டுப்பாவாடையும் விபூதியுமாகக் கதிரையில் இருந்தாள். நான் குவளையைத் தொடுமுன்பே ஆங்கிலத்தில் ஒப்பித்தாள்: "இரண்டும் ஒரே அளவு. நீங்கள் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை."

அண்ணர் மீசைக்குள் சிரித்தார்.

"கெட்டிக்காரி," என்ற அம்மையார், தேநீருக்கு வைத்த பிஸ்கட்டுகளை இரண்டு சம வரிசையாக அடுக்கி, ஒன்றை மட்டும் இடைவெளி விட்டு நீட்டிப் பரப்பினார். "எந்த வரிசையில் கூடுதல்?"

வாசுகி தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் மேலே முகட்டைப் பார்த்தார். சமையலை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற அவர் மனைவி, "ஐயோ, உது படிப்பிக்கேல்லையே!" என்றார்.

உதடு பிதுங்க, பிள்ளை நீண்ட வரிசையைக் காட்டினாள்.

பிழை! பாடம் சொன்ன அதே பிழை! துள்ளி எழுந்து கை தட்டினேன். ("வெரி குட்!" வேறு.)

"என்ர பிள்ளை பிழை விட்டதுக்கு நீர் கை தட்டுறீரோ?" என்றார் அண்ணர்.

நான் கோட்பாட்டை விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் கறுத்தது. அம்மையாரை ரயிலடிவரை காரில் கொண்டுபோய் விட்டார். நான் நடந்தேன்.

நான் பாஸ். வாசுகி வளர்ந்து கண் வைத்தியராகிவிட்டாள். ஆனாலும் கலியாண வீடுகளில் அண்ணர் என்னை அறிமுகப்படுத்துவது இன்றும் இப்படித்தான்: "எங்கட டொக்டர் பெயில் விட்ட ஒரேயொரு சோதனை இவர் வைச்சதுதான். சந்தோசம் தாங்கேலாமல் கை தட்டின மனுசன்."