ஆர்மோனியக் காணிக்கை

கண்ணாடியைக் கழற்றி, எப்போதும்போலத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, ஆர்மோனியத்தின் மேல் வைத்தார் தையற்காரர். ஆர்மோனியம் அங்கே இல்லை. அதைத்தான் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டாரே. கண்ணாடி தரையில் விழுந்து, ஒரு பக்கத்துச் சில்லு தெறித்துத் தையல் மெஷினுக்கு அடியில் போய்விட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்குப்பா காத்து மேலயே சாமானை வைப்பீங்க?" என்று கேட்டபடி மகள் துடைப்பத்தோடு வந்தாள். காலையில் காப்பி டம்ளரும் அந்த வழியில்தான் போயிருந்தது.

எல்லாம் ஒரு பிரசங்கத்தால் வந்தது. புதிதாக வந்திருந்த போதகர் இளைஞர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வீட்டில் வேண்டாததையெல்லாம் கொண்டுவந்து கொட்ட ஆண்டவர் ஒன்றும் பழைய சாமான் கடை வைத்திருக்கவில்லை, எதைக் கொடுத்தால் உங்களுக்குக் கை ஒடிந்ததுபோல் இருக்குமோ அதைக் கொடுங்கள், அதுதான் காணிக்கை என்று சொல்லிவிட்டார். சபையார் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் ஒருவர் ஓடாத சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். இன்னொருவர் இரண்டே இறக்கை உள்ள மின்விசிறியைக் கொண்டுவந்து, மூன்றாவது அகப்பட்டதும் தருவதாக வாக்களித்தார். போதகரின் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் தையற்காரர் எழுந்தார். காலமாகிவிட்ட தன் மனைவியின், காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியத்தை ஆண்டவருக்குத் தருவதாகச் சொன்னார்.

ஆலயத்தில் ஒரு சத்தம் இல்லை. பழைய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணியடிப்பவர் மட்டும் லேசாகச் செருமினார். தன் தியாகம் அத்தனை பேரையும் வாயடைக்க வைத்துவிட்டது என்று தையற்காரர் நினைத்துக்கொண்டார். இளம் போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும்? அவர் வந்த நாளிலிருந்து அங்கே வாத்தியம் என்று ஒன்றைக் கண்டதே இல்லை. எல்லாம் வெறும் வாய்ப்பாட்டுத்தான். ஒரு சுருதியில் தொடங்கி, நடுவில் வேறொன்றில் ஏறி, முடிக்கும்போது ஆளுக்கொரு பக்கமாக இறங்குவார்கள்.

அந்தப் பாட்டைக் கிண்டல் செய்வது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தையற்காரருக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. மூக்கால் பாடுகிற மளிகைக்காரர் மாதிரியும், அடுத்த அடி மறந்து இருமுகிற மணியடிப்பவர் மாதிரியும் பாடிக் காட்டுவார். மனைவி சிரித்துவிட்டு, பாவம் விடுங்க என்பாள். பிறகு அதே பாட்டை ஆர்மோனியத்தில் வாசிப்பாள். அப்போது அது வேறு பாட்டாக இருக்கும்.

அந்த ஆர்மோனியம் வீட்டுக்கு வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்குக் குடிவந்த புதிது; ஆலயத்தின் பக்கம் அவர் இன்னும் போக ஆரம்பித்திருக்கவில்லை. அவள் பிறந்த வீட்டு நினைப்பில் சமையலறையில் நின்று அழுதுகொண்டே இருந்தாள். கேட்டால் வெங்காயம் என்பாள். வெங்காயம் இல்லாத நாளிலும் அழுதாள். ஒரு நாள் வெளியே போய்விட்டுச் சாப்பிட வந்த தையற்காரர் முன்னறையில் ஆர்மோனியம் நிற்பதைப் பார்த்தார். உன் அப்பா அனுப்பினாரா என்று கேட்டார். "அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்" என்றாள் அவள். அதுவரை மாமனாரைக் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் அவரைப் புகழ்ந்து தள்ளினார். அந்தப் பெரிய மனிதருக்குக் கடைசிவரை காரணம் விளங்கவில்லை.

அழுகை நின்றது. சாயங்காலங்களில் அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து காலர் தைப்பார், அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பாள். தையல் மெஷினின் மிதியும் ஆர்மோனியத்தின் மிதியும் சேர்ந்து ஓடும். துணி தயாராகிவிட்டது என்று சொன்னாலும் வந்தவர்கள் எழுந்து போக மாட்டார்கள். எத்தனை நல்ல சாயங்காலங்கள் அவை. அவள் போனபிறகு அந்த ஆர்மோனியப் பெட்டியை வாசிக்க வீட்டில் ஆள் இல்லை. அவர்தான் தினமும் துடைத்து வைத்தார். அவள் கால் பட்டுப் பட்டு இடது மிதி தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தைத் தொட்டுப் பார்க்காமல் அவர் படுக்கப் போனதில்லை.

அதைக் கொடுத்துவிட்டு, உடைந்த கண்ணாடியும் வெறும் கையுமாக உட்கார்ந்திருக்க முடியுமா? சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று புதன்கிழமை ஆலயத்துக்குப் போனார். அங்கே பள்ளிக்கூட டீச்சர் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கட்டை அழுத்தியபடியே நின்றுபோய், விடாமல் ஊளையிட்டது. வாசிக்கத் தொடங்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும், என் மனைவி அப்படித்தான் செய்வாள் என்று தையற்காரர் சொல்லிக் கொடுத்தார். டீச்சர் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் மேசையைத் தட்டிப் பழகிய கை அது. உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. இப்போது இரண்டு கட்டைகள் எழவில்லை.

பதறாதீங்க, நானே சரி பண்றேன் என்று மறுநாள் கத்தரியும் ஊசியுமாக வந்தார். கட்டைகளுக்கு அடியில் கோட்டுத் துணியை மடித்துச் சொருகினார். ஒன்று எழுந்தது. இன்னொன்று அசையவில்லை. துருத்தியில் காற்று ஒழுகுவதுதான் காரணம் என்று தானாக ஒரு முடிவுக்கு வந்து, துருத்தியைச் சுற்றி ரெக்சின் வைத்து இரட்டைத் தையல் போட்டார். தையலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பொட்டுக் காற்று வெளியே போகவில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிந்து டீச்சர் காலை எடுத்த பிறகும், அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல், நின்றுபோன அந்த ஒற்றைக் கட்டை வழியாக மெல்ல மெல்ல முனகிக்கொண்டிருந்தது. மௌன ஜெபம் செய்வோம் என்றார் போதகர். சபை மௌனமானது. ஆர்மோனியம் ஆகவில்லை. போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மளிகைக்காரரின் பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால்தான் சரிவரும் என்று தையற்காரர் சொன்னார். போதகர் உடனே சம்மதித்தார். மணியடிப்பவர் தள்ளுவண்டி கொண்டுவந்தார்.

வீட்டில் சுத்தியலும் வேண்டியிருக்கவில்லை. மூடியைக் கழற்றிச் சொருகியிருந்த துணியை உருவி, கழன்ற குச்சியை அதன் இடத்தில் மாட்டி, தையலில் நாலைப் பிரித்துவிட்டதும் ஆர்மோனியம் பழையபடி ஆகிவிட்டது. பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். கட்டைகள் எல்லாம் எழுந்தன. புதிய கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். விழவில்லை.

போதகர் விசாரித்தபோது, பசை காயணும் என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, மழைக்காலமாச்சே, பசை லேசில் காயாது என்றார். அதற்கடுத்த வாரம் போதகர், காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கொஞ்சத்தை ஒளித்து வைத்தவன் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த வேதாகமச் சம்பவத்தைப் பிரசங்கித்தார். பொதுவாகத்தான் பிரசங்கித்தார். ஆனால் தையற்காரர் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் நாடியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஆர்மோனியத்தின் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, இதைக் குடுத்துட்டீங்களா, குடுக்கலையா?"

"குடுத்துட்டேன்மா."

"அப்ப ஏன் இங்க இருக்கு?"

அவர் ஆர்மோனியத்தின் மேலிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்தார். "உங்கம்மாவையும் இப்படித்தான்மா, ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியை யாராவது நன்றாக வாசித்தால் அம்மாவுக்குப் பிடிக்கும், இங்கே கண்ணாடி வைக்கிற ஸ்டாண்டாக இருந்தால் பிடிக்காது என்று மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானமே மணியடிப்பவரை வரச் சொன்னார். இருவரும் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆளில்லாத ஆலயத்துக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். தையற்காரர் தோள் துண்டால் பெட்டியைத் துடைத்தார். கடைசியாக இடது மிதியைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு முதல் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார். மணியடிப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல், துடைத்த பெட்டியையே இன்னொரு தரம் துடைத்தார்.

அழுது முடித்ததும் தையற்காரருக்கு மனம் லேசாக இருந்தது. இந்தத் தடவை உண்மையாகவே கொடுத்துவிட்டார் என்பது அவருக்கே தெரிந்தது. மனம் லேசானதும், எத்தனையோ நாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு சின்னக் குறையும் வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நம்ம சபையில இதுவரைக்கும் இவ்வளவு பெரிய காணிக்கையை யாரும் குடுத்திருக்க மாட்டாங்க. நான் எந்திரிச்சுச் சொன்ன அன்னைக்குப் பழைய ஆளுங்க ஒருத்தர் வாயிலருந்தும் ஒரு அல்லேலூயா வரலையே, ஏன்?"

மணியடிப்பவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அல்லேலூயா எப்படிண்ணே வரும்? வந்த புதுசுல உங்க வீட்டுக்காரம்மா அழுதுக்கிட்டே இருக்காங்கன்னு கேள்விப்பட்டு, சர்ச்சுல இருந்த ஒரே பெட்டியை அவங்களுக்குக் குடுத்துட்டு, தெரிஞ்சா நீங்க வீம்புக்குத் திருப்பி அனுப்பிடுவீங்கன்னு அதையும் சொல்லாம, இத்தனை வருஷமா வெறும் வாயால பாடிக்கிட்டிருந்தது நாங்கதானே."