மூன்று மணி நண்டு

"உங்க பென் டிரைவ்தான் மனாங், வேற யாரோடதும் இல்ல..."

"என்னோடதா? அதை நான் ஜெபமாலை வச்சிருக்கிற பையில வச்சிருக்கேன்டா, அதுல போய் எப்படிடா..."

"ஜெபமாலை வைரஸைத் தடுக்காது மனாங்!"

"வாயைக் கழுவுடா முதல்ல!"

இலோயிலோ துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் ரெனான்டே ஒருவன்தான். எதிரே இடுப்பில் கை வைத்து நின்றவள் கணக்குப் பிரிவு பெர்லா. வயதில் மூத்தவள், அதனால் அலுவலகம் முழுவதற்கும் மனாங், அக்கா.

சண்டை ஒரு நண்டைப் பற்றி.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாத் திரைகளும் நீலமாகும். இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நண்டு தோன்றும். பக்கவாட்டில் நடந்து, ஆற அமர வலது ஓரம் போய்ச் சேரும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை எந்தப் பொத்தானைத் தட்டினாலும் பலனில்லை. நண்டு போனதும், எதுவுமே நடக்காதது போல எல்லாம் பழையபடி.

"ரெனான்டே!" மேனேஜர் லியாண்ட்ரோ தம் அறையிலிருந்து தலையை நீட்டினார். "மணிலாவிலேர்ந்து டைரக்டர் மேடம் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நண்டு போகணும். போகலேன்னா நீ போகணும். வெளியாளை வச்சுப் பார்த்துக்குவாங்களாம்."

"சார், வீட்டுல இப்பதான் குழந்தை பிறந்திருக்கு..."

"அது நண்டுக்குத் தெரியுமாப்பா?"

ரெனான்டே அன்றே எல்லா ஒயர்களையும் பிடுங்கினான். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துடைத்து எடுத்தான். மறுநாள் மூன்று மணிக்கு நண்டு வந்தது.

"ஊருக்குப் போயிட்டு வந்திருக்கும்" என்றான் ரசீது அச்சடிக்கும் ஹோஹித்.

அடுத்து, பென் டிரைவ் செருகும் ஓட்டைகளையெல்லாம் பசை போட்டு அடைத்தான். அவசரத்தில் மவுஸ் மாட்டும் ஓட்டைகளும் சேர்ந்து அடைபட்டன. அன்று காலை முழுக்க பெர்லா அறுந்த வால் போன்ற ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதை எங்கே சொருகட்டும்? நீயே சொல்லு, எங்கே சொருகட்டும்?" என்று அவன் பின்னாலேயே நடந்தாள். நண்டு தன் நேரத்துக்கு வந்து போனது.

பிறகு, ரொம்பக் கறாரானது என்று கேள்விப்பட்ட ஒரு வைரஸ் கொல்லியைக் கொண்டுவந்து போட்டான். அது கறார்தான். நண்டைத் தொடாமல் விட்டுவிட்டு, சரக்கு ரசீது போடும் மென்பொருளைப் பிடித்து அழித்தது. கிமாராஸ் தீவு மாம்பழப் பெட்டிகள் வெயிலில் நின்றன. கப்பல் கேப்டன் போனில் கத்தினார்.

"ரசீது எங்கடா? பழம் பழுத்துக்கிட்டே இருக்கு! மணிலாவுக்கு நான் ஜூஸா கொண்டு போறது?"

"கொஞ்சம் பொறுங்க கேப்டன்..."

"நான் பொறுப்பேன். மாம்பழம் பொறுக்குமா?"

வியாழக்கிழமை பெர்லா கோயிலிலிருந்து ஃபாதரையே கூட்டி வந்துவிட்டாள். புது அலுவலகம், புது வண்டி, புதுக் கப்பல் எல்லாவற்றுக்கும் மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறவர், நண்டுக்குத் தெளிக்க மாட்டாரா? தெளித்தார். தாராள மனசுக்காரர். மேசை மேசையாகத் தெளித்து முடித்து, மிச்சத்தைப் பெரிய சர்வர் பெட்டியின் தலையில் ஊற்றினார். அது "ஸ்ஸ்" என்றது. எல்லாத் திரைகளும் இருண்டன.

பெர்லாவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் சர்வரை உலர்த்திக்கொண்டே ரெனான்டே யோசித்தான். அழுவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று பார்ப்போம். ஒவ்வொரு நாளும் நண்டு முதலில் எந்த மேசையிலிருந்து கிளம்பியது?

சர்வர் உயிர் பெற்றதும் அதன் பதிவுகளைப் பார்த்தான். நாளுக்கு ஒரு மேசை. நேற்று ஹோஹித். முந்தாநாள் பெர்லா. எழுந்து போய் ஹோஹித்தின் இழுப்பறையைத் திறந்தான். பன்சித் நூடுல்ஸ் வாசனை. பெர்லாவின் இழுப்பறையில் லும்பியா என்ற பொரித்த சுருள் பலகாரம் சுற்றிவந்த எண்ணெய்க் காகிதம்.

"மனாங்..."

"என்னடா அப்படிப் பார்க்கிறே?"

"நீங்கதானா?"

"நான் மட்டும் இல்ல" என்றாள் பெர்லா. "எல்லாரும்தான். முறை வச்சு."

"முறை வச்சா?"

"பின்னே? மணிலாவுல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, இனிமே மெரியெண்டா கிடையாது, வேலை நேரத்துல பலகாரம் தின்னா நேரம் வீண்னு சொல்லிட்டாங்க. மூணு மணிக்கு ஒரு வாய் சாப்பிடாம மனுஷன் இருப்பானா? இந்த நண்டு வந்துச்சு, எங்க மெரியெண்டா திரும்பி வந்துச்சு. அன்னிக்குப் பலகாரம் யார் முறையோ, அவங்களே நண்டையும் விட்டுடணும். அதான் ஏற்பாடு."

"ஓட்டையெல்லாம் அடைச்சேனே?"

"மெயில்ல அனுப்பிக்கிட்டோம்" என்றான் ஹோஹித் பணிவாக.

"நான் எப்படிப் பார்க்காமப் போனேன்?"

"நண்டு வந்ததும் நீ மேசைக்கு அடியில ஒயரைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்துக்கிட்டிருக்கே. மேலே நாங்க சாப்பிடுறது உனக்கெப்படித் தெரியும்?"

"ஒரு லும்பியாவாவது கீழே நீட்டியிருக்கலாமே மனாங்!"

அந்த எண்ணெய்க் காகிதத்தைக் கசக்கியபடியே உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு வேலை போகிறது என்றான். கைக்குழந்தையோடு எங்கே போய் நிற்பது என்றான். பெர்லாவின் முகம் மாறிவிட்டது.

"டேய், மேனேஜர் சும்மா மிரட்டுறார்னு நினைச்சோம்டா. குழந்தை இயேசு சத்தியமா இனி ஒருத்தரும் விட மாட்டோம். எல்லாரும் இவன் கண் எதிர்ல அழிங்க! ம், சீக்கிரம்!"

அழித்தார்கள்.

"சரி, முதல் நண்டை விட்டது யாரு?"

பெர்லா உதட்டைப் பிதுக்கினாள்.

"அது தெரியாதுடா. ஒரு நாள் தானா வந்துச்சு. வந்ததை விரட்ட எங்களுக்கு மனசு வரல."

வெள்ளிக்கிழமை. ரெனான்டே எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். மூன்று மணிக்குச் சற்று முன்னால் மேனேஜரின் போன் அடித்தது. டைரக்டர் மேடம். எல்லாரும் கேட்கும்படி போனைப் போடுங்கள், நானே இருந்து பார்க்கிறேன் என்றாள். லியாண்ட்ரோ ஏனோ வெளிறிப்போய், போனைக் கூடத்து மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மணி. திரைகள் நீலமாயின. நண்டு வந்தது.

ரெனான்டே பெர்லாவைப் பார்த்தான். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "நான் இல்லடா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஹோஹித் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"என்ன லியாண்ட்ரோ, சத்தத்தையே காணோம்? நண்டா?"

"ஆ... ஆமாங்க மேடம்" என்ற லியாண்ட்ரோ, ரெனான்டே பக்கம் திரும்பிக் கத்தினார். "என்னப்பா இது! ஒரு வாரமா என்னதான் பண்ணினே?"

கால் மணி ஆயிற்று. நண்டு பாதி வழிதான் வந்திருந்தது.

"இது நம்ம நண்டு இல்ல மனாங்" என்று கிசுகிசுத்தான் ஹோஹித். "இது மெதுவா நடக்குது."

"போதும் லியாண்ட்ரோ" என்றது போன். "அந்தப் பையனை இப்பவே அனுப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

லியாண்ட்ரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ரெனான்டே மெல்ல எழுந்து, மேசை மேலிருந்த குழந்தையின் படத்தைப் பைக்குள் வைத்தான்.

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மேனேஜரின் மனைவி எமெலின் உள்ளே வந்தாள். கையில் மூடிய பெரிய பாத்திரம், வாழையிலை வாசனை. யாரையும் கவனிக்காமல் பாத்திரத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அட, பரவாயில்லையே லியாண்ட்ரோ! நம்ம பொண்ணுகிட்ட, 'பாவம், எல்லாரும் அவசர அவசரமா முழுங்குறாங்க, நீ செஞ்ச நண்டைக் கொஞ்சம் மெதுவா நடக்க வை'ன்னு கெஞ்சினீங்களே, நல்லாத்தான் செஞ்சு கொடுத்திருக்கா!"