மாமனாருக்கு ஏற்ற ஃபில்டர்

படுக்கையறைக்குள் மாமனார் மறுபடியும் இருமினார். ஹால் சோபாவில் கால் நீட்ட இடமில்லாமல் சுருண்டு கிடந்த மருமகன் பெருமூச்சு விட்டான்.

"இருமல் நிக்கிற வரைக்கும் ஒரு ரெண்டு வாரம் இங்க இருக்கட்டும்" என்று சொல்லித்தான் மைத்துனன் அப்பாவைக் கொண்டுவந்து விட்டான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் மரம் அறுக்கும் மில், ஒரே தூசி. ரெண்டு வாரம் மூன்று மாதமாகிவிட்டது. கட்டில் மாமனாருக்கு, சோபா மருமகனுக்கு. முதுகு விட்டுப்போய், ஆபீசில் ஃபைல் மேலேயே தூங்கி விழுந்தான் பாவம்.

"அந்த ஏசி ஃபில்டர்தாங்க காரணம். மாத்துங்க" என்றாள் மனைவி.

வெயில் காலத்தில் குளிர்ச்சியும் குளிர் காலத்தில் கதகதப்புமாக வீடு முழுக்கக் காற்று அனுப்புவது ஒரே இயந்திரம். ஹால் சுவரில் அதற்கு ஒரு ஃபில்டர். கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டினான். கொசுவே குடும்பத்தோடு புகுந்து வரலாம், அப்படி ஒரு வலை. இருமல் அப்படியே இருந்தது.

"ஃபில்டர் மேல ஒரு நம்பர் போட்டிருக்குமாம், அது கூடக் கூட நைசா சலிக்குமாமே. பெரிய நம்பரா வாங்கிட்டு வாங்க."

பதின்மூன்றாம் நம்பர் வந்தது. தூசியோடு சேர்த்துக் காற்றையும் நிறுத்திவிட்டது. கிழட்டு இயந்திரம் மூச்சுத் திணறி, குழாயில் ஐஸ் கட்டி, அது உருகிச் சோபாவில் சொட்டியது.

"எதுக்கு மாப்ள உங்களுக்கு இவ்வளவு சிரமம்?" என்று கேட்ட மாமனார், முன்னைவிடப் பலமாக இருமினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அடுத்ததை டேப் வைக்காமல் சாண் போட்டு அளந்து வாங்கினான். பெரிதாகிவிட்டது. கத்தரிக்கோலால் நறுக்கிச் சொருகினான். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி. அந்த வழியாக அத்தனை தூசியும் வந்து, இப்போது புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறித் தும்மினார்கள்.

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காயிடுச்சு, போங்க! மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

மெக்கானிக் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "நம்பர் பெருசா இருந்தா ஆச்சா சார்? மெஷின் இழுக்க வேணாமா? இதுக்கு எட்டு போதும். அளவு இம்மி பிசகக் கூடாது, இந்தாங்க, எழுதித் தரேன். நீங்க வாங்கிட்டு வர்றதுக்குள்ள நான் உள்ளே சுத்தம் பண்ணிடறேன்."

வாங்கி வந்தான். கச்சிதமாகப் பொருந்தியது. சுத்தமான காற்று குளுகுளுவென்று வீசியது. தும்மல் போன இடம் தெரியவில்லை. மருமகனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"உங்க அண்ணனுக்கு போன் போடு! ஞாயித்துக்கிழமை வந்து மாமாவைக் கூட்டிட்டுப் போகட்டும்!" என்று கத்தினான்.

அடுத்த நொடி, படுக்கையறையிலிருந்து வீடே அதிர ஓர் இருமல்.

ஈரச் சோபாவில் அப்படியே பொத்தென்று உட்கார்ந்தான். வேறு எந்த ஃபில்டரைத்தான் வாங்குவான் மனுஷன்? பையைத் தோளில் மாட்டிய மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, காதோரம் சொன்னார்:

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார். நீங்க கடைக்குப் போனதும் பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'தம்பி, இருமல் நிக்காத ஃபில்டரா பார்த்து மாட்டிடுப்பா, நின்னுட்டா என்னை என் பிள்ளை வீட்டுக்கே அனுப்பிடுவாங்க'ன்னு கெஞ்சினாரு."