மேட்டு வீட்டுக் கிராணியின் பாதை

“நான் கேட்டது பாதையச் சரி பண்ண ஒரு சாமான். நீங்க குடுத்தது பாதையையே வாரிக்கிட்டுப் போயிடுச்சு” என்று தங்கராஜு கிராணி போட்ட சத்தத்தில், எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்கள்.

“பலகையில ஒரு குறையும் இல்ல. ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டணும்” என்றாள் வடிவம்மாள், அவரைவிட ஒரு பிடி உயர்ந்த குரலில்.

“ஆறு வருசமா டிராக்டர் ஓட்டுறேன்.”

“ஓட்டுறீங்க கிராணியாரே. நேரா ஓட்டினத யாரு பாத்தா?”

கடையில் நிறுத்திய கைகள் மறுபடி அசையத் தொடங்கின. சண்டை இன்றைக்குச் சீக்கிரம் முடியாது என்று தெரிந்துவிட்டது.

சுங்கை பினாங்கில் வடிவம்மாளின் இரும்புக் கொட்டகையைத் தெரியாதவர் கிடையாது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் வரிசையாக மூடியபோது, கலப்பை, பரம்பு, உருளை என்று கிடைத்ததையெல்லாம் ஏலத்தில் எடுத்து வந்து குவித்தார் அவள் கணவர். குவித்த கையோடு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வடிவம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. அந்தச் சாமான்களை வாடகைக்கு விட்டாள். அவளுக்குத் துணையாகப் பழுது பார்க்கிற காஜா மொய்தீன் நானா ஒருவர்; அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம்: எடுத்துப்போன சாமானைக் கொண்டுவந்து, அங்கே உள்ள குழாயடியில் சொந்தக் கையால் சேறு போகக் கழுவி வைத்தால்தான் அடுத்தது கிடைக்கும்.

தங்கராஜு மூடிப்போன ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கணக்கில் புலி, மனதிலிருப்பதைச் சொல்வதில் பூனை. துரை சீமைக்குக் கப்பலேறும்போது தண்ணீர்மலைப் பக்கத்து மேட்டிலிருந்த பலகை வீட்டையும் பழைய டிராக்டரையும் அவருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். வீடு நல்ல வீடு. அதற்குப் போகிற சரளைக்கல் பாதைதான் சுவரில் சாத்திய ஏணி மாதிரி நின்றது. ஒவ்வொரு மழைக்கும் கல் கீழே இறங்கும். பள்ளம் மேலே ஏறும். ரிக்‌ஷாக்காரன் அடிவாரத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான்.

நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, மேட்டில் தனிக்கட்டை. வீட்டுக்கு யாரும் வராததற்குப் பாதைதான் காரணம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார். போன தைப்பூசத்துக்கு அந்த மேட்டு வாசலில் பந்தல் போட்டு, ஓர் அண்டா பானகம் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே சாலையில் ஆயிரக்கணக்கில் காவடி போனது. ஒரு தலைகூட மேலே திரும்பவில்லை. அந்தப் பானகத்தை இரண்டு நாள் அவரே குடித்துத் தீர்த்தார்.

அவர் மனதில் இருந்தது வேறு. ஊரே வடிவம்மாளை அக்கா என்று கூப்பிட, தங்கராஜு மட்டும் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை வாயில் வரவிடவில்லை. இதைக் கவனிக்காதவர்கள் கண்ணிருந்தும் இல்லாதவர்கள். அந்த வருஷங்களில் பினாங்கில் ஐயரில்லாத சீர்திருத்தக் கல்யாணங்கள் நடக்க ஆரம்பித்திருந்தன; விதவைக்கும் மாலை விழுந்தது. தங்கராஜு ஒன்று தீர்மானித்திருந்தார். பாதை சரியாகட்டும். ஒரு மோட்டார் கிரேத்தா வைத்து அவளை வாசல்வரை கூட்டிப்போய் வீட்டைக் காட்டி, அங்கே வைத்துக் கேட்கலாம். கேட்கப்போகிற பெண்ணைச் சரளையில் வழுக்கவிட்டு ஏற்றுவது மரியாதையா?

அதற்காகத்தான் டிராக்டருக்குப் பின்னால் மாட்ட ஒரு சாமான் தேடி வந்தார். முதல் நாள் வடிவம்மாள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. சாமான் பொருத்தமாக அமைய வேண்டுமென்றால் எல்லாம் தெரிய வேண்டும் என்றாள். மேடு எத்தனை அடி, திருப்பம் எத்தனை, மழை எந்தப் பக்கம் இறங்குகிறது, காலையில் என்ன பலகாரம், சமையல் யார் என்றெல்லாம் விசாரித்தாள்.

“ஒரு நாளைக்கு அந்தப் பாதையில எத்தன பேரு ஏறுவாங்க?”

“ஒருத்தர்.”

“யாரு அது?”

“நான்தாங்க.”

வடிவம்மாள் கொட்டகைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமன்படுத்துகிற பலகையைக் காட்டினாள். அந்தப் பலகைதான் மேட்டுச் சரளை முழுவதையும் வழித்துக்கொண்டு வந்து அடிவாரத்தில் அம்பாரமாகக் குவித்தது. இன்றைய சண்டை அதற்குத்தான்.

சண்டை முடிந்ததும் தங்கராஜு பலகையைக் கழுவினார். அவள் பக்கத்தில் நின்று, இங்கே சேறு, அங்கே சேறு என்று ஒரு மணி நேரம் கழுவ வைத்தாள். பிறகு முள் பரம்பைக் கொடுத்தாள். கல்லை மறுபடி மேலே ஏற்றிக் கொட்டி, முள் பரம்பை இழுத்தால் மண்ணோடு பிடித்துக்கொள்ளும் என்றாள். ஒன்பது நாள் தங்கராஜு கூடை கூடையாகக் கல் சுமந்தார். பத்தாம் நாள் பரம்பை இழுத்தார். அது மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த பூசணிக்காய்ப் பாறைகளையெல்லாம் எழுப்பி வெளியே உட்கார வைத்தது. அதற்கு முன்னால் ரிக்‌ஷாதான் ஏறவில்லை. இப்போது ஆடும் ஏறாது.

எலும்பெல்லாம் குலுங்க மறுபடி சுங்கை பினாங்குக்கு இறங்கினார். மறுபடி சத்தம், மறுபடி குழாயடி. பாறையை அமுக்க உருளைதான் வழி என்று வடிவம்மாள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

உருளை ஏறும்போது நல்ல பிள்ளையாக ஏறியது. இறங்கும்போது அது டிராக்டரைத் தள்ளிக்கொண்டு வந்தது. தங்கராஜு, தண்ணீர்மலைச் சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்து வாழைத்தோப்புக்குள் போய் நின்றார். முதுகு வளையாமல், தொப்பி கழலாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள், வாழைத்தார் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். உருண்ட இடத்துக் கல்லெல்லாம் களிமண்ணுக்குள் போய்விட, பாதை பீங்கான் தட்டாகிவிட்டது. அன்றைய மழையில் அவர் உட்கார்ந்தபடியே மேட்டிலிருந்து அடிவாரம்வரை வந்தார். சாப்பாட்டுத் தூக்கு அவருக்கு முன்னால் போயிற்று.

அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தவர் நகரசபைச் சாலைக் கங்காணி சின்னையா. சாலையில் கல் கொட்டிக் கிடக்கிறதே என்று திட்ட வந்தவர், கிராணி வந்து சேர்ந்த விதத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுவதை மறந்துவிட்டார். பாதையை ஒரு பார்வை பார்த்தார்.

“இதுக்குச் சாய்வுக் கத்தி மாட்டணும்ணே. ஓரத்துக் கல்ல நடுவுக்குத் தள்ளி, ஆமை முதுகு மாதிரி விட்டுட்டா, தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடிடும்லா. இது ரெண்டு நாள் வேல.”

ஆயர் ஈத்தாம் தோட்டக்காரர் ஒருவரிடம் அவரே அதை வாங்கியும் கொடுத்தார். சொன்னபடி இரண்டே நாள். பாதை, சீவி முடித்த தலை மாதிரி வகிடெடுத்துக்கொண்டு நின்றது.

தங்கராஜுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உருளையைத் தேய்த்துக் கழுவி, ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் ஏற்றிவிட்டார். பாதை சரியாகிவிட்டது, இனிமேல் கொட்டகையிலிருந்து எதுவும் தேவைப்படாது என்று வடிவம்மாளிடம் சொல்லச் சொன்னார். நல்ல செய்தி சொல்லி அனுப்புகிற பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

வண்டிக்காரர் திரும்பி வந்து, அந்த அம்மா இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னார்.

“எதுவுமே வேண்டாம்னாரான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். சரின்னுச்சு.”

வியாபாரம் போன வருத்தம் போலிருக்கிறது என்று தங்கராஜு நினைத்துக்கொண்டார்.

உடனே போய் அழைத்திருக்கலாம். ஆனால் அவர் கிராணி. ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்க்காத பாதையில் அவளை ஏற்றமாட்டார். நான்கு மாதம் காத்திருந்தார். மழை பெய்யும்போதெல்லாம் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடுவதைப் பார்த்தார். ஒரு கல் நகரவில்லை. வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது, இன்னொன்று வாங்கினார். இன்னொரு கோப்பையும் வாங்கினார். அதில் மட்டும் அவர் குடிக்கவில்லை. இரவில் இரண்டு நாற்காலியையும் எதிரெதிரே போட்டுப் பார்ப்பார். சற்று நேரம் கழித்து ஒன்றைச் சுவரோரம் நகர்த்தி வைப்பார். அந்த நான்கு மாதத்தில் பாதையில் ஏறியவர் கணக்கும் முன்போலத்தான், ஒருவர்.

மழை ஓய்ந்தது. சலவை வேட்டி, கோட்டு, வாடகைக்குப் பிடித்த கிரேத்தா. சுங்கை பினாங்கில் போய் இறங்கினால், கொட்டகைக் கதவில் பூட்டு. காஜா மொய்தீன் நானா மட்டும் வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

தங்கச்சிக்குப் போன மாதம் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னார். மாப்பிள்ளை தைப்பிங்கில் லோரி வைத்திருக்கிறார், மனைவி இல்லாதவர். ஒரு கலப்பை வாங்க வந்தவர், பிறகு கலப்பை எதுவும் வேண்டாமலேயே மூன்று தடவை வந்தாராம். இருவரும் தைப்பிங்குக்கே போய்விட்டார்கள். மிச்சச் சாமான்களை ஒரு சீனர் வந்து எடுத்துப்போக வேண்டியதுதான் பாக்கி.

தங்கராஜு கோட்டின் பொத்தானை ஒரு தடவை கழற்றி மறுபடி மாட்டினார். கிரேத்தாக்காரர் எஞ்சினை நிறுத்தலாமா என்று கேட்டார். தங்கராஜு, ஏதாவது பேச வேண்டுமே என்று, நானாவிடம் பேசினார்.

“நல்லா இருக்கட்டும் நானா. ஆனா இத்தன பெரிய கொட்டகையில ஒரு சாய்வுக் கத்திகூட இல்லாம எப்படித்தான் தொழில் நடத்தினாங்களோ.”

காஜா மொய்தீன் நானா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாவியைப் பூட்டில் போட்டார்.

“உள்ள ரெண்டு கெடக்குது தம்பி. தெரு முனையில உங்க டிராக்டர் சத்தம் கேட்டதும், ‘நானா, சாக்கப் போட்டு மூடுங்க’ன்னு தங்கச்சி சொல்லும்.”