பதினேழாம் நம்பர் கதவிலிருந்து

மதிப்புக்குரிய மச்சான் செல்லசாமி அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை லெட்சுமியும் மகள் கிருஷாந்தியும் சுகம். ஹட்டனில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் லயத்து மாரியம்மனை வேண்டுகிறேன். வலது பக்க மூலையில் முகவரி எழுதவில்லை. காரணம் கடைசியில் வரும்.

மரியாதை இத்துடன் முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முப்பது வருடத்துக்கு மேல் மூடியிருந்தேன், தாடை வலிக்கிறது.

உங்கள் பேரனின் பிறந்தநாளன்று நாற்பது பேர் முன்னால் என்ன கேட்டீர்கள்? “என்னங்க மாப்புள, ஒங்க மக கெம்பஸ்ல சரித்திரம் படிக்குதா, மேப் கீறுதா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க. இட்லியையும் பாண் துண்டையும் ஒரே தட்டுல வச்சா எத மாப்புள திங்கிறது?” எல்லோரும் சிரித்தார்கள். லெட்சுமியும் சிரித்தாள், அதை அவளோடு தனியாகப் பேசிக்கொண்டேன். கிருஷாந்தி மட்டும் சிரிக்காமல் கேக்கைச் சாப்பிட்டாள். அந்தப் பிள்ளை படிப்பது வரலாறும் புவித்தகவலியலும் இணைந்த பட்டம். ஓர் இடத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பது ஒரு பாதி, அந்த இடம் பூமியில் சரியாக எங்கே இருக்கிறது என்பது மறு பாதி. இந்த இரண்டு பாதியும் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் வரிசை வீடுகளாக ஐந்து லயம், குடும்பத்துக்கு ஒன்றாக அறுபத்திரண்டு காம்பரா. அத்தனைக்கும் ஒரே முகவரி. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே கிளாக்கராக நீங்கள். 1994இல் எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அனுமதிக் கடிதத்தை, என் பெயரையே வைத்திருந்த கொழுந்து நிறுக்கும் பெரியவருக்குக் கொடுத்தனுப்பினீர்கள். அவர் பாவம், அரசாங்க முத்திரையைப் பார்த்துவிட்டு அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்து, நாற்பத்தொரு நாள் விபூதி பூசிக் கும்பிட்டிருக்கிறார். “இங்கிலீசுல இருந்துச்சு தம்பி. எதோ நல்லதுக்குத்தான் வந்திருக்கும்னு சாமிகிட்ட வச்சேன்.” பதியும் நாள் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உங்களிடம் வந்து கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பேரு சரியாத்தானே இருக்கு? ஒங்கப்பா வேற பேரு வச்சிருக்கணும்.” அதற்குப் பிறகும் உங்கள் தங்கையைக் கட்டினேன் என்றால் அது லெட்சுமியின் பெருமை, உங்களுடையது அல்ல. பிறகு பல்கலைக்கழகம் போகாமலே வெளிவாரியாகப் பட்டம் எடுத்து, இருபத்தைந்து வருடமாக வரலாறு கற்பிக்கிறேன். அந்தக் கடிதத்தில் இன்னும் விபூதி வாசம் இருக்கிறது.

இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் தன் கடைசி வருட ஆய்வுக்கு நம் டிவிசனை எடுத்தாள். ஒவ்வொரு காம்பராவுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி, ஒரு நம்பர், அங்கே தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பெயர். அவள் வெண்கட்டியால் கதவில் நம்பர் போடுவாள். நான் இடத்தைப் பதியும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவு முன்னால் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பேன். மாரியம்மன் திருவிழாவன்று தோட்டத்துக்கு வந்த நீங்கள் அதைப் பார்த்தீர்கள். போன வருடம் பெருமழைக்குப் பிறகு கதவில் நம்பர் விழுந்த வீடுகளை எல்லாம் மண்சரிவு அபாயம் என்று காலி செய்யச் சொன்னார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கோயில் மைக்கைப் பிடுங்கி, “நம்பர் போட்டுட்டாங்க! மலை எறங்கப் போகுது! ஓடுங்க!” என்று கத்தினீர்கள்.

மேளம் நின்றது. ஒரு ஆள்கூட நின்று ஏன் என்று கேட்கவில்லை. ராசம்மா அக்கா ஒரு கையில் இரண்டு கோழி, மறு கையில் கேஸ் சிலிண்டர். சின்னராசா அம்மியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியில் குழவியை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடினார். அரை மணி நேரத்தில் அறுபத்திரண்டு குடும்பமும் பாடசாலை மண்டபத்தில். வரலாறு படித்தவன் எதற்கும் பதறமாட்டான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். கிருஷாந்தி போய் விளக்குவதற்குள் யாரோ சோற்றுப் பார்சல் கொண்டுவந்துவிட்டார்கள். “அபாயம் இல்லைங்க அக்கா, அது என் படிப்புக்குப் போட்ட நம்பர்” என்றாள். ராசம்மா அக்கா பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நாளைக்கு மீன் சோறாம். அபாயம் நாளான்னைக்குப் போகட்டும்மா” என்றார்.

நீங்கள் கெடுக்க நினைத்தது நன்மையாக முடிந்தது மச்சான். ஆளில்லாத லயங்களை அவள் இரண்டே நாளில் அளந்து முடித்தாள். பார்சல் வரிசையில் நின்றவர்களிடம் இன்றைய பெயர்களையும் எழுதிக்கொண்டாள். ஒரு பாதி தயார்.

மறு பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது. எந்தக் காம்பராவில் எந்த ஊரிலிருந்து வந்த யார் குடியேறினார்கள் என்று எழுதிய பழைய லயப் புத்தகத்தை, ஓய்வு பெற்ற அன்று கறையான் அரித்துவிடும் என்று பாதுகாப்பாக எடுத்துப் போனீர்கள். பிறந்தநாளன்று பார்த்தேன், பிரிட்ஜின் உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்து இருக்கிறது. பிள்ளை கேட்டதற்கு, “அது ஆபீஸ் ரகசியம்மா” என்றீர்களாம். என்ன ரகசியம்? உங்கள் தாத்தா கூலியாக வராமல் கணக்கப்பிள்ளையாகவே வந்திறங்கினார் என்று ஹட்டன் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே காம்பராவில் நடுவே சாக்கைத் தொங்கவிட்டுக் குடியிருந்தார்கள் என்று என் அப்பா சொல்லுவார். புத்தகம் யார் பக்கம் என்று பார்த்துவிடுவோமே. ஆய்வை ஒப்படைக்க இன்னும் இருபத்தாறு நாள். புத்தகம் வராவிட்டால் அவள் வரைபடத்தில் அறுபத்திரண்டு புள்ளிதான் இருக்கும், ஒரு மூதாதையும் இருக்கமாட்டான். என் கடிதத்தைத்தான் தவறவிட்டீர்கள். இதையும் தவறவிட விடமாட்டேன். பிரிட்ஜுக்கு இத்துடன் ஒரு மரக்கட்டை அனுப்புகிறேன், சரியான உயரத்துக்கு அறுத்தது.

அக்காவுக்கு வணக்கம். பேரனுக்கு எங்கள் ஆசி. மாரியம்மன் உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல முழங்காலும் தரட்டும்.

பி.கு.: படித்துப் பார்த்த லெட்சுமி, “எங்க அண்ணன் பண்ணத மட்டும் எழுதிட்டு, நீங்க பண்ணத விட்டுட்டீங்களே” என்கிறாள். சரி. அன்று போன் என் சட்டைப்பையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பதினேழாம் கதவிலிருந்து பாடசாலை வரை ஒரு சிவப்புக் கோட்டைப் பதிந்து வைத்திருக்கிறது, நான்கு நிமிடம் பத்து விநாடி. முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். தலையில் தொலைக்காட்சிப் பெட்டி, கக்கத்தில் சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ். லெட்சுமியைக் கூப்பிட மறந்துவிட்டேன். கிருஷாந்தி அந்தக் கோட்டை நீக்க மறுக்கிறாள். “அதுவும் வரலாறுதாம்ப்பா” என்கிறாள்; ஆய்வில் நான்காம் படம். ஆகவே பதறுகிறவர்களைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். புத்தகத்தைப் பற்றி எழுதியதை அடிக்கவேண்டாம். அறுபத்திரண்டு வீட்டுக்கும் பொதுவான பழைய முகவரி வேண்டாம் என்றுதான் மேலே மூலையை வெறுமையாக விட்டேன்; உறையின் பின்பக்கம் பிள்ளை போட்ட நம்பரோடு இப்படி எழுதியிருக்கிறேன்: கதவு 17, இரண்டாம் லயம், மேல் டிவிசன், லிந்துலை. என் பெயரில் தோட்டத்தில் மூன்று பேர் இருக்கலாம், பதினேழாம் கதவு ஒன்றுதான். பெயரை நம்பி ஒரு தடவை கெட்டது போதும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.